நாற்பத்து நான்கு படிகள்

மருந்து தோற்றுப்போன செய்தி ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு வந்தது. கோகிலவாணி அப்போது நோயாளிகள் குடித்துவிட்டுப் போன காபித் தம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

இது நடப்பது இன்னும் இருபது, இருபத்தைந்து வருஷம் கழித்து. அதற்குள் உலகம் தலைகீழாகியிருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். கோயம்புத்தூரில் அப்போதும் ஆஸ்பத்திரி லிஃப்ட் வாசலில் முண்டியடிக்கிறார்கள். அப்போதும் காபியில் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அரை ஸ்பூன் போட்டால் சந்தோஷப்படுகிறார்கள். மாறியது ஒன்றுதான். மனிதனுக்கு வலிக்கிறதா இல்லையா என்று அவனைக் கேட்காமலே கண்டுபிடிக்க வழி வந்துவிட்டது.

டாக்டர் இம்மானுவேல் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அந்த இருதய மருத்துவமனையில் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவர் அவர். வாணி அவருக்குக் கீழே பதிவாளர். நோயாளிகளை வாரா வாரம் வரவழைத்து, கேள்வி கேட்டு, பதிலை நோட்டில் எழுதுவது அவள் வேலை. முப்பத்து நாலு வயது, எட்டு வருஷமாகத் தற்காலிகம்.

"உக்காரும்மா. தளிர் தோத்துப்போச்சு."

தளிர் என்பது ஒரு ஊசி. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் அடைத்து, ஸ்டென்ட் வைத்து, பைபாஸ் செய்து, இனி அறுக்க இடமும் இல்லை நுழைக்க வழியும் இல்லை என்று டாக்டர்கள் கைவிரித்தவர்களுக்கான ஊசி. அதை இதயத் தசையில் போட்டால் அடைப்பைச் சுற்றிக்கொண்டு மெல்லிய புதுக் குழாய்கள் துளிர்க்கும், நாலு எட்டு வைத்ததும் நெஞ்சைப் பிடிக்கிற வலி தணியும் என்பது நம்பிக்கை. மூன்று ஊர்களில் நூற்று முப்பது பேருக்கு எட்டு மாதம் சோதித்தார்கள். பாதிப் பேருக்குத் தளிர், மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. தளிர் ஜெயித்தால் உப்புத் தண்ணீர் வாங்கினவர்களுக்கும் நிஜ ஊசி இலவசமாகப் போடுவதாக ஒப்பந்தம்.

"எப்படி சார் தோக்கும்?" என்றாள் வாணி. "நம்ம அம்பத்தோரு பேரும் நல்லாத்தானே இருக்காங்க?"

"அதாம்மா சிக்கல். அம்பத்தோரு பேரும் நல்லா இருக்காங்க. ஊசி போட்டவங்களுக்கும் வலி இல்ல, உப்புத் தண்ணி போட்டவங்களுக்கும் வலி இல்ல. அப்புறம் ஊசி எதுக்குன்னு கேக்குறான் கம்பெனிக்காரன். மத்த ரெண்டு ஊர்லயும் கொஞ்சம் வித்தியாசம் தெரியுது. ஆனா நம்மதான் பெரிய மையம். நம்ம கணக்கச் சேத்ததும் வித்தியாசம் கரைஞ்சு போச்சு."

வாணி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

"உப்புத் தண்ணி போட்டா ஒருத்தன், ரெண்டு பேருக்கு மனசால குணம் தெரியும், ஒத்துக்கறேன். எல்லாருக்குமா? அடைப்பு தொண்ணூறு சதவீதம் இருக்கறவனுக்கு எட்டு மாசம் ஒரு தடவகூட வலி வரலியா? உன் நோட்டப் பாத்தேன். வரிசையா பூஜ்யம். நீ நேர்ல பாக்குறவ. உனக்கு ஒண்ணும் தோணலியா?"

"அவங்க சொன்னதத்தான் சார் எழுதினேன்."

சொன்னதும் அவளுக்குக் காது சூடானது. அது பொய்யில்லை. உண்மையும் இல்லை.

நடந்தது இதுதான். ஆராய்ச்சி தொடங்கிய முதல் வியாழக்கிழமை, மாராத்தாள் என்றொரு அம்மாள் வாணியிடம் பேச்சுக் கொடுத்தார். சிங்காநல்லூர் உழவர் சந்தையில் கீரை விற்பவர். ஒரு பைபாஸ் ஆனவர். "ஏனம்மிணி, இது கவர்மெண்ட் வேலைங்களா?" என்று கேட்டார். வாணி சிரித்துக்கொண்டே, "எங்கீங்கம்மா, இந்த ஆராய்ச்சி நல்லபடியா வந்தாத்தான் எனக்கு வேலையே நிலைக்கும்" என்று சொல்லிவிட்டாள். வாய்தவறி என்று கூடச் சொல்ல முடியாது. பேச்சோடு பேச்சாகச் சொன்னது. பதிவாளர்களுக்கு நடத்தும் மூன்று நாள் பயிற்சியில், உங்கள் சொந்தக் கதையை நோயாளியிடம் பேசாதீர்கள் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

கொங்கு நாட்டு மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் கிண்டல் செய்வார்கள். பஸ்ஸில் காலை மிதித்தவனிடமே, "கால் மேல நிக்கிறீங்களுங்க" என்று சொல்கிற ஊர் என்பார்கள். அந்த ஊரில் ஒரு பெண், தன் வேலை உங்கள் கையில் இருக்கிறது என்று, அப்போது இருந்த ஐம்பத்திரண்டு பேர் காதிலும் விழும்படி சொன்னால் என்ன ஆகும்? அடுத்த வாரத்திலிருந்து யாருக்கும் வலி இல்லை.

"வலி வந்துச்சுங்களா?" என்று அவள் கேட்பாள். "அதெல்லாம் இல்லீங் அம்மிணி, முட்டையப் போட்டுக்குங்" என்பார்கள்.

அவள் முட்டை போட்டாள். வலி நோட்டு, ஆளுக்கொன்று, இன்னமும் காகிதம்தான். எழுதினதை அழிக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு, பழைய எண் தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வாணியின் நோட்டுகள் எதிலும் ஒரு கோடு கூட இல்லை. அதற்காக அவளுக்குப் பாராட்டுக் கடிதம் வந்திருக்கிறது. அதை அவள் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள்.

ஆனால் அவள் குருடி இல்லையே. அவள் மேஜை இரண்டாவது மாடியில் இருந்தது. எதிரே கண்ணாடி வழியாக ஒரு பக்கம் லிஃப்ட், ஒரு பக்கம் படிக்கட்டு. அவளுடைய நோயாளிகள் லிஃப்டில் வருவதில்லை. லிஃப்டில் வந்தால் அம்மிணிக்குச் சந்தேகம் வரும் என்று, நாற்பத்து நான்கு படிகளையும் ஏறித்தான் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் நாச்சிமுத்து. முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வியாழக்கிழமை ஒன்பதரைக்கு எல்லாரையும் கீழே சேர்த்து, வரிசையாக ஏற்றிக்கொண்டு வருவார். முதல் மாடித் திருப்பம் வந்ததும், "ஹோல்டான்" என்று அவர் தாழ்ந்த குரலில் சொல்வது மேலே வாணிக்குக் கேட்கும். பிறகு பத்து நிமிஷம் சத்தமே இருக்காது. பிறகு, "ரைட், போலாம்." மீதிப் படிகளைச் சிரித்துப் பேசிக்கொண்டு ஏறி வருவார்கள். முகம் துடைத்திருப்பார்கள், சட்டைக் காலர் நனைந்திருக்கும்.

அந்தப் பத்து நிமிஷம் என்ன நடக்கிறது என்று வாணிக்குத் தெரியும். ஒருநாள் கீழே இறங்கும்போது திருப்பத்தில் இருந்த குப்பைக்கூடையைப் பார்த்தாள். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையின் காலி அட்டைகள் கிடந்தன. வலித்தால் போடச் சொல்லி அவள் எண்ணிக் கொடுத்த மாத்திரைகள் அல்ல. அவள் கொடுத்ததை எண்ணிச் சரியாகத் திருப்பித் தந்துவிட்டு, கடையில் தனியாக வாங்கியிருக்கிறார்கள். அவள் கூடையின் மேல் ஒரு பழைய பேப்பரைப் போட்டு மூடிவிட்டு இறங்கிப் போனாள். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் கையையே பிடிக்காது.

"ஒரே ஒரு வழி இருக்கு" என்றார் டாக்டர். "அரிசி."

அரிசி என்பது அதிகாரப் பெயர் இல்லை. தோளெலும்புக்குக் கீழே தோலுக்குள் வைக்கிற சில்லு, அரிசி அளவில் இருப்பதால் மக்கள் வைத்த பெயர். நரம்பில் வலி ஓடினால், எப்போது, எவ்வளவு என்று அது குறித்துக்கொள்ளும். முதலில் வந்தபோது ஊரே கொண்டாடியது. பிறகு வேலைக்கு ஆள் எடுப்பவன், இன்சூரன்ஸ்காரன், பெண் கொடுப்பவன் எல்லாரும் அரிசியைக் காட்டு என்று நிற்க ஆரம்பித்தார்கள். அதனால் சட்டம் வந்தது. ஒருவருடைய வலி அவருக்கே சொந்தம். அவர் கைரேகை வைத்தால்தான் அரிசி திறக்கும். இந்த ஆராய்ச்சியிலும் எல்லாருக்கும் அரிசி வைத்திருந்தார்கள், பூட்டியபடி.

"எல்லாரும் மனசார வந்து ரேகை வெச்சா, நிஜமா என்ன நடந்துச்சுன்னு தெரியும். பதினஞ்சு நாள்ல கோப்ப மூடிருவாங்க. மூடுனா உப்புத் தண்ணி வாங்குன இருபத்தஞ்சு பேருக்கும் இனி ஊசி கிடையாது. அவங்களுக்கு வேற வைத்தியமும் கிடையாது. உனக்கே தெரியும்."

"அவங்களுக்குச் சொல்லட்டுங்களா சார்?"

"நீதான் சொல்லணும். உன் பேச்சுக்குத்தான் அவங்க கட்டுப்படுறாங்க."

டாக்டர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். வாணிக்கு அது அறைந்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை சூலூருக்குப் போனாள். நாச்சிமுத்துவின் வீட்டு வாசலில் அவருடைய மனைவி ருக்மணி சோளம் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தார். அந்த எழுச்சிக்கே அவருக்கு மூச்சு வாங்கியது. அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"வாங் அம்மிணி, வாங் வாங். ஊடு தேடி வந்துருக்கறீங்க. ஒரு போன் அடிச்சா நான் வந்துருக்க மாட்டனுங்களா?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். மருந்து தோற்றதை, ஏன் தோற்றது என்பதை, அரிசியைத் திறக்க வேண்டும் என்பதை. அவர் கேட்கக் கேட்க முகம் சுருங்கியது.

"அப்ப நாங்க நல்லா இருக்குன்னு சொன்னதுனாலயா தோத்துச்சு?"

"ஆமாங்க."

"நல்லா இருக்குன்னு சொன்னா மருந்து ஜெயிக்கும்னு இல்லீங் நாங்க நெனச்சோம்."

"எல்லாரும் சொன்னா ஜெயிக்காதுங்க. ஊசி வாங்குனவங்க மட்டும் சொல்லியிருந்தா ஜெயிச்சிருக்கும்."

"யாருக்கு ஊசி, யாருக்குத் தண்ணின்னு எங்களுக்கு எப்படீங் தெரியும்?" என்றார். பிறகு தலையில் கைவைத்துக்கொண்டார். "எல்லாத்தையும் ஒட்டுக்காப் பேசி வெச்சது நாந்தானுங். அம்மிணி வேல போயிரக் கூடாது, யாரும் வாயத் தொறக்கப்படாதுன்னு டிக்கெட் கிழிக்கற மாதிரி ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னேன்."

"ரேகை வெச்சிருங்க. இன்னமும் சரி பண்ணலாம்."

அவர் மாட்டேன் என்று தலையாட்டினார்.

"தொறந்தா நாங்க சொன்னது பொய்யின்னு தெரியும். நீங்க எழுதுனதும் பொய்யாப் போகும். இவ நோட்டு பூராப் பொய்யின்னு உங்களத் துரத்தீருவாங்க. எனக்கென்னங், அறுபத்தெட்டு ஆச்சு. இருக்கறவரைக்கும் இருந்துட்டுப் போறேன். உங்க பேரு கெடக் கூடாது."

வாணி வரும்போது வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு எதுவும் இப்போது உதவவில்லை. அவர் இன்னமும் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அந்த நாற்காலியில், மூச்சுக்குத் திணறிக்கொண்டு.

"எனக்குத் தெரியுமுங்க" என்றாள்.

"என்னது?"

"நீங்க ஹோல்டான் சொல்றது மேல எனக்குக் கேக்கும். மாத்திரை அட்டையப் பாத்திருக்கேன். மொத மாசத்துல இருந்தே தெரியும்."

நாச்சிமுத்து அவளையே பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று வாணி காத்திருந்தாள். கோபம் வந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"தெரிஞ்சுமுங்களா முட்டை போட்டீங்க?"

"ஆமாங்க."

"நாங்க உங்கள ஏமாத்தறம்னு நெனச்சு, சிரிச்சுப் பேசிட்டு ஏறி வருவோம். நீங்க பாத்துட்டுத்தான் இருந்தீங்ளாக்கும்." தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "அப்ப எதுக்குங் அம்மிணி அத்தன படி?"

வேலை நிரந்தரமாக வேண்டும் என்ற ஆசையைத் தவிர வேறு பதில் எதுவும் அவளிடம் இல்லை. அதை அந்த வீட்டில், அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு, பரீட்சையில் பிட் அடித்து மாட்டிக்கொண்ட பெண்ணைப் போல நின்றாள்.

வாசற்படியில் ருக்மணி நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"என்றகிட்டயும் முட்டைதான் சொன்னாரு" என்றார். "நான் துணி தொவைக்கிறவ அம்மிணி. சட்டப் பையில அந்த அட்டை இல்லாத நாளு கெடையாது. நானும் கேக்கல. கேட்டா நெசஞ் சொல்லிப்போடுவாரோன்னு பயந்துட்டுக் கேக்கல." பிறகு கணவனைப் பார்த்து, "எந்திரீங். போயி ரேகைய வெச்சுட்டு வரலாம்" என்றார்.

நாச்சிமுத்து எழுந்து உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். வாணியிடம் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அன்றைக்கு மதியத்துக்குள் ஐம்பது பேருக்கும் அவரே போன் செய்துவிட்டார்.

அடுத்த வியாழக்கிழமை அவர்கள் வந்தார்கள். வாணி தன் மேஜையைத் தரைத்தளத்துக்கு இறக்கியிருந்தாள். ஒவ்வொருவரும் கண்ணாடிப் பலகையில் கட்டைவிரலை வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமல் நகர்ந்தார்கள். பொய் சொன்னது தெரியப்போகிறதே என்று அவர்களுக்கு வெட்கம். அவளுக்கும் வெட்கம். யார் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் அந்தக் கூடமே தலை குனிந்திருந்தது. காபி கொண்டுவரச் சொன்னாள். யாரும் சர்க்கரை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு வாரம் கழித்து டாக்டர் இம்மானுவேல் அவளை ஓடி வந்து கூப்பிட்டார். அவர் ஓடி அவள் பார்த்ததே இல்லை.

"வாணி, இதப் பாரு. இது நாச்சிமுத்து. உப்புத் தண்ணி குரூப். தினமும் வலி. ஆனா வாரத்துல ஒரு நாள் மட்டும் மத்த நாளவிட மூணு மடங்கு எகிறுது பாரு. வியாழக்கிழமை. ஒன்பதே முக்கால். இப்ப இன்னொருத்தரப் பாரு, அதே வியாழன், அதே நேரம். எல்லாருக்கும்! மொதல்ல எனக்கு ஒண்ணும் புரியல. அன்னிக்கு அப்படி என்ன பண்ணாங்க இவங்க?"

வாணிக்கு உடனே புரிந்தது. திரையில் முப்பத்தைந்து முகடுகள், முப்பத்தைந்து வியாழக்கிழமைகள். ஒவ்வொரு முகட்டுக்கும் கால் மணி நேரம் கழித்து அவளுடைய நோட்டில் ஒரு பூஜ்யம்.

"படி ஏறுனாங்க சார்" என்றாள். "என்னப் பாக்க."

"அதேதான்! அப்புறம் நானும் கண்டுபிடிச்சேன்." அவர் மேஜையைத் தட்டினார். "ஒரே படி, ஒரே நேரம், ஒரே வேகம். முப்பத்தஞ்சு வாரம். இதவிட சுத்தமான சோதனைய யாராலயும் திட்டம் போட்டு நடத்த முடியாதும்மா. தளிர் போட்டவங்களுக்கு மூணாவது மாசத்துல இருந்து அந்த முகடு தேஞ்சுக்கிட்டே வருது. கடைசி மாசம் கிட்டத்தட்ட தரையில கிடக்குது. உப்புத் தண்ணி ஆளுங்களுக்கு அப்படியே நிக்குது. மருந்து வேலை செய்யுது வாணி! படிக்கட்டுதான் அதக் காட்டிக் குடுத்துச்சு."

அவர் கண் கலங்கியிருந்தது. முப்பது வருஷமாகக் கைவிரித்துக்கொண்டிருந்த டாக்டர் அவர். வாணியும் சந்தோஷப்பட்டாள். சந்தோஷப்பட்டோமே என்று அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டாள்.

மருந்து நிறுவனம் சுறுசுறுப்பானது. கோப்பு மறுபடி திறந்தது. உப்புத் தண்ணீர் வாங்கினவர்களுக்கு ஊசி போடத் தேதி குறித்தார்கள். பொய்யான நோட்டுக்கு யாரும் யாரையும் திட்டவில்லை. 'நோயாளிகள் மரியாதை கருதி வலியைக் குறைத்துச் சொல்லும் வழக்கம்' என்று ஒரு வரியில் அதை முடித்துவிட்டார்கள். பிறகு வாணிக்கு ஒரு கடிதம் வந்தது.

அதில் அவளுடைய படிக்கட்டு முறையை வானளாவப் புகழ்ந்திருந்தார்கள். அடுத்த கட்டமாகப் பதினோரு ஊர்களில் நோயாளிகள் வாரம் ஒருமுறை நாற்பத்து நான்கு படி ஏறுவார்களாம். ஆய்வுக் கட்டுரையில், சோதனையை வகுத்தவர் என்று அவள் பெயர் வருமாம். வேலை நிரந்தரம். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு உறுதிமொழி. 'இம்மையத்தின் வலிப் பதிவுகள், நோயாளி கூறியபடியும் பதிவாளர் நேரில் கண்டபடியும் எழுதப்பட்டவை.' அதற்குக் கீழே அவள் கையெழுத்துக்கு இடம்.

"போடு" என்றார் டாக்டர். "யாருக்கும் நஷ்டமில்ல. நீ பாத்தியா, பாக்கலியான்னு யாரும் கேக்கப் போறதில்ல."

இரண்டு நாள் அந்தக் காகிதம் அவள் மேஜை இழுப்பறையிலேயே கிடந்தது. போட்டுவிடலாம் என்று ஒரு தரம் பேனாவைக் கூட எடுத்தாள்.

நாச்சிமுத்துவுக்கு ஊசி போடுவது வெள்ளிக்கிழமை என்று முடிவாகியிருந்தது. வியாழக்கிழமை காலை முன்பரிசோதனைக்கு வந்தார். பரிசோதனை அறை இரண்டாவது மாடியில். வாணி கோப்போடு மேலே நின்றிருந்தாள். பழக்கத்தில் படிக்கட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லிஃப்ட் கதவு திறந்தது. நாச்சிமுத்து வெளியே வந்தார். டிக்கெட் எடுக்காமல் வந்து செக்கரிடம் மாட்டிக்கொண்டவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, ருக்மணியின் தோளைப் பிடித்தபடி வந்து உட்கார்ந்தார்.

வாணி நோட்டைப் பிரித்தாள்.

"இந்த வாரம் வலி வந்துச்சுங்களா?"

அவர் ருக்மணியைப் பார்த்தார். பிறகு வாணியைப் பார்த்தார்.

"வந்துச்சுங். பதினோரு தடவ. இன்னைக்குக் காத்தால பல்லு வெளக்கறப்ப ஒண்ணு."

அவள் பதினொன்று என்று எழுதினாள். நாச்சிமுத்து எட்டிப் பார்த்து, எழுதியாயிற்றா என்று நிச்சயப்படுத்திக்கொண்டார்.

"எல்லார்த்து அரிசியும் தொறந்தாச்சுங்களா அம்மிணி?"

"ஆச்சுங்க. அம்பத்தொண்ணு."

"மாராத்தாக்காளுது?"

வாணியின் பேனா நின்றது. ஐந்தாவது மாதத்தில், கையில் கீரைக்கட்டோடு படியேறி வந்து, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார் மாராத்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. வேர்வை கழுத்தில் ஓடியது. "சும்மா வெய்யலுங் அம்மிணி. முட்டையப் போட்டுக்குங். இந்தாங், மணத்தக்காளி, நல்ல எளசு" என்றார். வாரத்துக்கு நாலு தடவைக்கு மேல் வலித்தால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கண்காணிக்க வேண்டும் என்பது விதி. வாணி முட்டை போட்டாள். கீரையை வாங்கிக்கொண்டாள். சனிக்கிழமை சந்தையில் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே மாராத்தாள் இறந்துபோனார். வெள்ளிக்கிழமை சமைத்த அந்தக் கீரையில் பாதி, அப்போதும் வாணியின் ஃப்ரிஜ்ஜில் இருந்தது.

"அவங்களுது தொறக்காதுங்க" என்றாள். "அவங்க ரேகை வேணும். சட்டப்படி அது அவங்களோட போச்சு."

"அப்ப அந்தக்காளுக்கு வலிச்சுதுன்னு ஒருத்தருக்கும் தெரியாதுங்களா?"

அவர் குத்திக்காட்டத்தான் கேட்டாரா, வெறுமனே கேட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. பதிலுக்காக அவர் காத்திருந்த மாதிரியும் இல்லை. நர்ஸ் வந்து கூப்பிட்டதும் ருக்மணியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

வாணி அலமாரியைத் திறந்தாள். கதவின் உள்பக்கம் பாராட்டுக் கடிதம் இருந்தது. ஐம்பத்திரண்டு நோட்டுகளில் மாராத்தாளுடையதை எடுத்து மேஜையில் வைத்து, கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள். மாராத்தாள், வியாழக்கிழமை, வலி: 0. அவளுடைய கையெழுத்து, அழகான கையெழுத்து.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி பூஜ்யத்தின் மேல் ஒற்றைக் கோடு போட்டாள். பழைய எண் தெரிய வேண்டும், தெரிந்தது. பக்கத்தில் எழுதினாள்: வலி இருந்தது. நான் பார்த்தேன்.

கையெழுத்தும் தேதியும் போட்டாள். பிறகு நிறுவனத்தின் உறுதிமொழியை இழுப்பறையிலிருந்து எடுத்து, கையெழுத்துக்கான இடத்தை வெறுமையாக விட்டு, அந்த நோட்டுக்குள் வைத்து, இரண்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரின் அறைக்கு நடந்தாள். போகிற வழியில் மற்ற ஐம்பத்தோரு நோட்டுகளும் ஞாபகம் வந்தன. திரும்பி வந்து அவற்றையும் தள்ளுவண்டியில் அடுக்கினாள்.